காக்கும் கண்கள்

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் நாட்களில், நம் ஊர்களில் வெயில் கொளுத்தத் தொடங்கும் வேளையில், ஐரோப்பாவின் வடமேற்கிலுள்ள ஸ்காட்லாந்து நாட்டில் பனி உருகி வசந்தம் தலைகாட்டுகிறது. அப்போது அந்நாட்டு ஏரிக்கரைகள் சிலவற்றில் வியப்பூட்டும் காட்சி ஒன்றைக் காணலாம். முதியோரும் சிறுவரும், கணவனும் மனைவியும், ஆசிரியர்களும் மாணவர்களும் மரப்பலகைகளால் அமைந்த ஒரு குடிலுக்குள் ஓசையின்றி நுழைகின்றனர். தொலைவிலே ஒரு பழைய பைன் மரம். அதன் உச்சியில் சுள்ளிகளால் ஆன ஒரு பெருங்கூடு. கூட்டிலே ஒரு பறவை. அதைத் தூரத்திலிருந்தே கண்ணாரக் கண்டுவிட்டு, வந்தது போலவே ஓசையின்றித் திரும்பிச் செல்கின்றனர். கூட்டை நெருங்குவாரில்லை, ஓர் இறகைக் கூட எடுத்துச் செல்வாரில்லை.

இவ்வாறு பார்க்கக் கற்றுக்கொள்வதற்கு அந்நாட்டு மக்களுக்கு நூறாண்டுகளுக்கு மேல் பிடித்தது. இடையில் அந்தப் பறவையையே அவர்கள் இழந்தனர். இழந்ததையும் மீண்டும் பெற்றதையும் சொல்லும் அந்த வரலாறு, பறவை நூல்களுக்கு மட்டும் உரியதன்று. நம் குடும்பங்களுக்கும் உரியது என்றே நாம் கருதுகிறோம்.

விராலடிப்பான்

தமிழில் இப்பறவைக்கு விராலடிப்பான் என்று பெயர். தொழிலே பெயராக அமைந்த பறவை இது. மீனைத் தவிர வேறெதையும் இது பெரும்பாலும் உண்பதில்லை. முதுகு கரும்பழுப்பு, வயிறு வெண்மை, வெண்மையான தலையிலே கண்ணின் ஊடாகச் செல்லும் கரும்பட்டை. விரித்த சிறகுகளின் அகலம் ஐந்து அடியைத் தாண்டும். நீர்ப்பரப்புக்கு மேலே வட்டமிட்டு, மீனைக் கண்டதும் ஓரிடத்தில் சிறகடித்து நின்று, பின்னர் கால்களை முன்னே நீட்டியபடி தண்ணீருக்குள் பாயும். வழுக்கும் மீனைப் பற்றிக்கொள்ள ஏதுவாக அதன் உள்ளங்கால்களில் முட்கள் போன்ற சொரசொரப்பு உண்டு. வெளிவிரலைப் பின்புறமாகத் திருப்பி, முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக மீனைக் கவ்விக்கொள்ளவும் அதனால் இயலும். நீருக்குள் மூழ்கும்போது நாசித் துவாரங்கள் மூடிக்கொள்ளும். பிடித்த மீனின் தலை முன்னோக்கி இருக்குமாறு திருப்பிப் பிடித்துக்கொண்டு பறக்கும். அதனால் காற்றின் தடை குறைகிறது. படைத்தவர் எத்துணை நுட்பமாகப் படைத்திருக்கிறார்!

குளிர்காலத்தில் நம் நாட்டிற்கும் இப்பறவை வருகிறது. பழவேற்காடு, கோடியக்கரை போன்ற இடங்களிலும், பெரிய நீர்த்தேக்கங்களிலும், ஐப்பசி முதல் மாசி வரையில் இதைக் காண்போர் உண்டு. ஆனால் இங்கே அது விருந்தாளி மட்டுமே. அதன் கூடும் குடும்பமும் வடக்கே உள்ளன. ஸ்காட்லாந்துப் பறவைகளோ குளிர்காலத்தில் நம் பக்கம் வருவதில்லை. செனிகல், காம்பியா முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கடற்கரைகளுக்குச் செல்கின்றன. அந்த வழி ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர்.

கைப்பற்றும் கண்

ஒரு காலத்தில் ஸ்காட்லாந்தின் ஏரிகள் பலவற்றில் இப்பறவை கூடு கட்டி வாழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதற்குக் கேடு காலம் வந்தது. மீன் வளர்ப்போரும் வேட்டைக்காரரும் அதைச் சுட்டனர். அதைவிடப் பெரிய கேடு, அதனை விரும்பியவர்களாலேயே விளைந்தது. விராலடிப்பானின் முட்டை மிக அழகியது. பாலாடை நிறத்தில் செம்பழுப்புத் திட்டுகள் படிந்தது. செல்வர்கள் பலர் பறவை முட்டைகளைத் திரட்டிக் கண்ணாடிப் பேழைகளில் அடுக்கி வைப்பதைப் பெருமையாகக் கொண்டிருந்தனர். ஏரி நடுவேயுள்ள தீவில் இடிந்த கோட்டைச் சுவரின் மேல் இருந்த கூட்டிற்குக் கூட, உறையவைக்கும் தண்ணீரில் நீந்திச் சென்று முட்டைகளை எடுத்து வந்தனர்.

இந்த ஆசைக்கு ஒரு கொடிய கணக்கு உண்டு. பறவை குறையக் குறைய முட்டையின் மதிப்பு ஏறியது. மதிப்பு ஏற ஏறப் பறவை மேலும் குறைந்தது. முடிவில் 1916-ஆம் ஆண்டுக்குப் பின் பிரிட்டனில் விராலடிப்பான் கூடு கட்டுவதே நின்றுவிட்டது என்று கருதப்பட்டது. பேழைகளில் முட்டைகள் நிறைந்திருந்தன, ஏரிகள் வெறுமையாயின. கைப்பற்றும் கண் எதைக் கண்டதோ அதனையே அழித்தது.

1958-ஆம் ஆண்டின் ஓர் இரவு

1954-ஆம் ஆண்டில், எவரும் அழையாமலே, ஒரு ஜோடி விராலடிப்பான்கள் ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள கார்ட்டன் ஏரியின் அருகே கூடு கட்டின. அவை ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து வந்தவையாக இருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. செய்தி வெளியே கசிந்தால் திருடர்கள் வருவார்கள் என்பதை அறிந்த பறவை அன்பர்கள், கூடு இருக்கும் இடத்தை மறைத்தே வைத்தனர். ஆயினும் அடுத்த சில ஆண்டுகள் வெற்றியின்றியே கழிந்தன.

பறவைகளின் பாதுகாப்புக்கான அரச சங்கத்தின் சார்பில் ஸ்காட்லாந்தில் இப்பொறுப்பை ஏற்றிருந்தவர் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் என்பவர். இரண்டாம் உலகப் போரில் 1941-ஆம் ஆண்டு கிரீட் தீவில் ஜெர்மானியரிடம் பிடிபட்டுச் சிறை முகாமில் வாடியவர். ஃபேர் தீவிலே ஒரு பறவை ஆய்வகம் அமைக்க வேண்டும் என்ற கனவை அந்தச் சிறையிலேயே வளர்த்து, 1948-ஆம் ஆண்டில் அதனை நிறைவேற்றியவர். 1958-ஆம் ஆண்டு வசந்தத்தில் அவரும் தோழர்களும் கார்ட்டன் ஏரிக் கூட்டிற்கு இரவு பகலாக முறை வைத்துக் காவல் இருந்தனர்.

ஜூன் மாதத் தொடக்கம். அந்நாட்டில் அப்போது இரவு மிகக் குறுகியது. அந்தக் குறுகிய இருளே திருடனுக்குப் போதுமானதாயிற்று. மரத்தின் மேல் ஓர் உருவம் அசைவதைக் காவலர் கண்டு ஓடி வருவதற்குள், அவன் இறங்கிக் காட்டுக்குள் மறைந்துவிட்டான். விடிந்து பார்த்தபோது மரத்தடியில் விராலடிப்பானின் முட்டைகள் இரண்டு உடைந்து கிடந்தன. கூட்டிலோ வேறு இரண்டு முட்டைகள் இருந்தன. அவை கோழி முட்டைகள்! பழுப்பு நிறப் பூட்ஸ் மெழுகைப் பூசி, விராலடிப்பான் முட்டை போலத் திட்டுகள் தீட்டி, அவன் கொண்டுவந்து வைத்தவை. அவ்வளவு உழைப்பும், அவ்வளவு திறமையும், அவ்வளவு வஞ்சகமும் எதற்காக? பிறர் அறியாமல் தான் மட்டும் திறந்து பார்க்கும் ஒரு பேழைக்காக.

கதவைத் திறந்தவர்

1959-ஆம் ஆண்டில் அந்த ஜோடி மீண்டும் வந்தது. வாட்டர்ஸ்டனுக்கு முன்னே இரண்டு வழிகள் இருந்தன. முன்னிலும் இரகசியமாகக் காப்பது ஒன்று. பெரும்பாலோர் அதனையே சரியென்று சொல்லியிருப்பர். அவர் தேர்ந்ததோ மற்றொரு வழி. மரத்தைச் சுற்றி முள்கம்பி கட்டினார். இரவும் பகலும் காவல் வைத்தார். பிறகு, கூடு இங்கே இருக்கிறது, வந்து பாருங்கள் என்று நாட்டிற்கே அறிவித்தார். தொலைவில் ஒரு குடில் அமைத்து, ஆற்றல் மிக்க தொலைநோக்கிகளை நிறுத்தி, வருவோர் அனைவரையும் வரவேற்றார்.

இது எத்துணை ஆபத்தான முடிவு! மீண்டும் ஒரு திருட்டு நேர்ந்திருந்தால், அறிவிப்புக் கொடுத்தவர் மீதே பழி முழுவதும் விழுந்திருக்கும். அந்தக் கோடையில் ஏறத்தாழ 14,000 பேர் வந்தனர். அந்த ஆண்டு மூன்று குஞ்சுகள் நலமாக வளர்ந்து பறந்தன.

ஆழ்ந்து நோக்கினால் இதன் காரணம் விளங்கும். மறைத்து வைத்தபோது அந்தக் கூட்டைக் காத்தவர் சிலரே. திறந்து காட்டியபோது, கண்டு மகிழ்ந்த ஒவ்வொருவரும் அதற்குக் காவலராயினர். தம் பிள்ளைகளோடு வந்து பார்த்த ஒரு தச்சரும், ஒரு செவிலியும், ஒரு விவசாயியும் அதனைத் தம் சொந்தக் கூடாகக் கருதத் தொடங்கிவிட்டனர். எல்லாருடையதாகிய ஒன்றைத் திருடுவது கடினம். அதன் பிறகும் முட்டைத் திருடர்கள் அடியோடு ஓய்ந்துவிடவில்லை என்பது உண்மையே. எனினும் ஊரும் நாடும் பறவையின் பக்கம் நின்றன. கூட்டிலிருக்கும் இப்பறவையைத் தொந்தரவு செய்வதே குற்றம் என 1981-ஆம் ஆண்டில் சட்டமும் வகுக்கப்பட்டது. 1959 முதல் கார்ட்டன் ஏரிக்கு வந்து சென்றோர் 20 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். இன்று ஸ்காட்லாந்தில் இருநூறுக்கும் அதிகமான ஜோடிகள் கூடு கட்டுகின்றன.

அங்கிருந்து இளங்குஞ்சுகள் சில 1996-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்திலுள்ள ரட்லண்ட் நீர்த்தேக்கத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டன. 2001-ஆம் ஆண்டில் அங்கே முதல் குஞ்சு பொரிந்தது. எடுத்து எடுத்து அழித்த நாடு, காத்துக் காத்துப் பிறருக்கும் வழங்கும் நாடாயிற்று.

காவலர் காணும் குடும்பம்

குடிலில் அமர்ந்து பார்ப்போர் காண்பது என்ன? நம் திருச்சபை நாட்காட்டியை வைத்துக்கொண்டே அதனைச் சொல்லிவிடலாம்.

புனித சூசையப்பரின் திருநாளாகிய மார்ச் 19 கழிந்த சில நாட்களில், மார்ச் இறுதியிலோ ஏப்ரலிலோ பறவைகள் வந்து சேர்கின்றன. ஆணும் பெண்ணும் குளிர்காலத்தை வெவ்வேறு இடங்களில், ஒன்றையொன்று காணாமலே கழித்தவை. ஆயினும் பழைய கூட்டிற்கே இரண்டும் திரும்புகின்றன. குளிர்காற்று உடைத்த கூட்டைச் சுள்ளிகளாலும் பாசியாலும் செப்பனிடுகின்றன. துணை திரும்பாமல் போனால் வேறு துணையோடு சேர்வதும் உண்டு. பறவைக்குத் திருமண வாக்குறுதி இல்லை. மனிதனுக்கே அந்த மாண்பு அளிக்கப்பட்டது. ஆகவே இதனை மிகைப்படுத்திப் பேச நாம் விரும்பவில்லை. எனினும் பல்லாயிரம் மைல் கடந்து ஒரே மரத்திற்கு இரு பறவைகள் வந்து சேரும் காட்சியைக் காண்போர் உள்ளம் உருகாமல் இருப்பதில்லை.

பாஸ்கா காலத்திலே பெரும்பாலும் மூன்று முட்டைகள், ஓரிரு நாள் இடைவெளி விட்டு இடப்படுகின்றன. ஏப்ரல் மாதத்திலும் அங்கே பனி பொழிவதுண்டு. முதுகின் மேல் பனி படிய, தாய்ப்பறவை அசையாமல் அமர்ந்திருக்கும். முட்டைகளை ஏறத்தாழ 37 நாட்கள் அடைகாக்க வேண்டும். ஆணும் சிறிது நேரம் அமர்ந்து அதற்கு ஓய்வு தரும். ஆனால் ஆணின் தலையாய கடமை மீன் கொணர்வதே. பிடித்த மீனின் தலைப்பகுதியைத் தான் உண்டு, எஞ்சிய நல்ல பகுதியைக் கூட்டில் சேர்க்கும். வசனம் பேசாமல், விடியல் தொட்டு உழைத்து, கொணர்ந்ததைக் கொடுத்துவிட்டு மீண்டும் ஏரிக்குப் பறக்கும் அந்தத் தந்தையைக் காணும்போது, நற்செய்தியில் ஒரு சொல்லும் பேசாத நாசரேத்தூர்த் தச்சர் நம் நினைவுக்கு வருவது இயல்பே.

மாதாவின் வணக்க மாதமாகிய மே முடிவதற்குள்ளோ, திரு இருதய மாதமாகிய ஜூனின் தொடக்கத்திலோ குஞ்சுகள் பொரிகின்றன. தாய் மீனை நார் நாராகக் கிழித்துச் சிறு வாய்களில் ஊட்டும். மழை கொட்டினால் சிறகுகளை விரித்துக் குடையாக நிற்கும். ஏழெட்டு வாரங்களில் குஞ்சுகள் கூட்டின் விளிம்பில் நின்று சிறகடித்துப் பழகி, ஒரு நாள் காற்றில் எழும்பிவிடும்.

மோட்சத்து அரசியின் விண்ணேற்புத் திருநாளை ஒட்டிய நாட்களில் தாய்ப்பறவை தெற்கே புறப்படுகிறது. பிள்ளைகள் பறந்துவிட்டனர், அதன் பணி முடிந்தது. தந்தையோ இன்னும் சில நாட்கள் தங்கி மீன் கொடுக்கும். பிறகு இளம்பறவைகள் ஒவ்வொன்றாக, தனித்தனியே, வழிகாட்டியின்றிப் புறப்படுகின்றன. நம் ஊர்களில் ஆரோக்கிய மாதா திருவிழா நடைபெறும் செப்டம்பர் முதல் வாரத்தில் கூடுகள் பெரும்பாலும் காலியாகிவிடும். கடலும் மலையும் பாலைவனமும் தாண்டி, ஒரு முறையும் கண்டிராத ஆப்பிரிக்காவை அவை அடைய வேண்டும். பாதிக்கு மேற்பட்டவை திரும்புவதில்லை. தப்பியவை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அங்கேயே வளர்ந்து, பின்னரே பிறந்த நாட்டை நாடி வருகின்றன. பருந்து தெற்கு நோக்கிச் சிறகு விரிப்பது உன் அறிவினாலோ என்ற பொருளில் யோபுவை நோக்கி ஆண்டவர் வினவுகிறார். யோபு ஆகமத்தின் 39-ஆம் அதிகாரத்தைப் படிப்போர், இந்த இளம்பறவைகளை ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

கண்ணுக்குப் புலப்படாத திருடன்

கூட்டை அழிப்பவன் இருளில் மரமேறுபவன் மட்டுமல்லன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகெங்கும் தெளிக்கப்பட்ட டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி, நீரில் கலந்து, மீனில் சேர்ந்து, மீனை உண்ட பறவையின் உடலிலும் தங்கியது. அதன் விளைவாக முட்டையோடு மெலிந்தது. அடைகாக்க அமர்ந்த தாயின் எடையைத் தாங்காமல் முட்டைகள் உடைந்தன. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் விராலடிப்பான்கள் இவ்வாறு பெருமளவில் குறைந்தன. ரேச்சல் கார்சன் அம்மையார் 1962-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இத்தகைய நஞ்சுகளின் தீமையை உலகறியச் செய்தது. 1972-ஆம் ஆண்டில் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. நம் நாட்டில் வேளாண்மைக்கு அதனைப் பயன்படுத்துவது 1989-ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. தடைக்குப் பின் பறவைகள் மெல்ல மீண்டன. தாயின் அன்பே முட்டைக்கு எமனாகும் நிலையை நம் அசட்டை உண்டாக்கக் கூடும் என்பதை வயலில் மருந்து தெளிக்கும் ஒவ்வொரு குடும்பமும் நினைவில் கொள்ள வேண்டும்.

நம் பங்கில், நம் வீட்டில்

ஆண்டவர் முதல் மனிதனை ஏதேன் தோட்டத்தில் வைத்தது அதனைப் பண்படுத்தவும் காக்கவுமே என்று ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரம் கற்பிக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட சுற்றுமடலில் இப்பகுதியை எடுத்துக்காட்டி, பூமி நம் உடைமையன்று, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதை வற்புறுத்தினார். கைப்பற்றுவதற்கும் காப்பதற்கும் உள்ள வேற்றுமையை அந்தப் பைன் மரம் நமக்குக் கண்முன்னே காட்டுகிறது.

இது பறவைக் கூட்டிற்கு மட்டுமா பொருந்தும்? நம் ஊர்களிலும் இருவகைக் கண்கள் உண்டு. ஒரு வீட்டில் தகப்பன் குடிக்கு அடிமையாகிறான். ஒரு வீட்டில் கடன் கழுத்தை நெரிக்கிறது. ஒரு வீட்டில் பெண்பிள்ளை பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அதைப் பார்த்துத் திண்ணையில் பேசி மகிழ்வதற்கென்றே சில கண்கள் அலைகின்றன. அவற்றுக்கு அஞ்சி அந்தக் குடும்பமும் தன் துயரை மூடி மறைக்கிறது. ஞாயிறு திருப்பலிக்கு வருவதும் குறைகிறது. முடிவில் இருளில் வரும் திருடனுக்கு அதுவே வசதியாகிறது.

நம் பங்கு, கார்ட்டன் ஏரிக்கரையின் குடில் போல இருக்கக் கூடாதா? பக்கத்து வீட்டுத் துயரைக் காணும் கண், வம்புக்குத் தீனி தேடாமல், அந்தக் கூட்டைக் காக்கும் கண்ணாக மாறக் கூடாதா? நெருங்கிச் சென்று குடையவும் வேண்டாம். முகம் திருப்பிக்கொள்ளவும் வேண்டாம். தேவைப்படும்போது ஓடி வரும் தூரத்தில் விழித்திருந்தால் போதும். அவ்வாறு நம்பத் தக்க கண்கள் சுற்றிலும் உண்டு என்று தெரிந்தால், மறைத்துக்கொண்டு வாடும் குடும்பங்களும் கதவைத் திறக்கும்.

பெற்றோருக்கும் இதில் ஒரு சொல் உண்டு. பிள்ளைகளைத் தம் பெருமைக்கான பேழைப் பொருளாக வைத்திருப்போர் இருக்கின்றனர். அவர்கள் கையில் முட்டை அழகாகவே இருக்கும்; அதிலிருந்து சிறகு முளைப்பதில்லை. பனியில் அமர்ந்து காத்த அதே தாய்ப்பறவைதான், காலம் வந்தபோது பிள்ளைகளை வானத்திற்கு ஒப்படைத்துவிட்டு முதலில் கூட்டை விட்டுச் செல்கிறது. படிப்புக்காகவும் பிழைப்புக்காகவும் பிள்ளைகளைத் தொலைநாட்டுக்கு அனுப்பிவிட்டு மாலை செபத்தில் அவர்கள் பெயரைச் சொல்லிக் கண் கலங்கும் தாய்மார்கள் நம்மிடையே ஏராளம். தெற்கு நோக்கிச் செல்லும் இளம்பறவைக்கு வழி காட்டுபவர் எவரோ, அவரே அவர்களுக்கும் துணை.

வரும் குளிர்காலத்தில், அருகிலுள்ள ஏரிக்கோ உப்பங்கழிக்கோ பிள்ளைகளை ஒரு மாலை அழைத்துச் செல்லுங்கள். உண்டிவில்லை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். விராலடிப்பான் கண்ணில் படலாம், படாமலும் போகலாம். கொக்கும் நாரையும் மீன்கொத்தியும் நிச்சயம் இருக்கும். தூரத்தில் அமர்ந்து, பேசாமல், அரைமணி நேரம் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். எடுத்துக்கொள்ளாமலே மகிழ முடியும் என்பதை இளமையில் கற்ற பிள்ளை, பின்னாளில் பிறர் பொருளையும், பிறர் மானத்தையும், பிறர் குடும்பத்தையும் காக்கத் தெரிந்த மனிதனாக வளரும்.